மலைப்பாதையில் டிரெய்லர் இழுக்கும் பெரிய எஸ்யூவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டேட்டுக்குச் சாமான் கொண்டுபோக டிரெய்லர் வாங்க நினைப்பவர்கள், பைக்கையோ குதிரையையோ ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கு வருபவர்கள், கேரவன் ஆசை உள்ளவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. லேண்ட் குரூசர், ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர், மெர்சிடிஸ் ஜிஎல்எஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்7 மாதிரியான பெரிய, விலை உயர்ந்த வண்டிகளைப் பற்றித்தான் பேச்சு. பதில்களில் பாதி சமவெளிக்கும் பொருந்தும். ஆனாலும் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மேலே ஏறுபவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

இழுவைத் திறன் 3,500 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவு எடையை ஊட்டி வரைக்கும் இழுக்குமா?

இழுக்கும். லேண்ட் குரூசர் 300 டீசலில் 700 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை) இருக்கிறது, மற்ற வண்டிகளும் அதற்குப் பெரிதாகச் சளைத்தவை இல்லை, ஏறுவதற்குச் சக்தி போதாமல் பாதி வழியில் நிற்கும் என்ற பயமே வேண்டாம். ஆனால் ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும். எல்லோரும் "இழுக்குமா" என்று மட்டும் கேட்கிறார்கள், "நிற்குமா" என்று கேட்பவர் குறைவு. இந்த மலையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

எந்த வண்டியை எடுத்தாலும் அதே 3,500 வருகிறதே, எப்படி?

நல்ல கேள்வி. ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர், ஜிஎல்எஸ், எக்ஸ்7, ஆடி க்யூ7, ஆஸ்திரேலியாவில் விற்கும் லேண்ட் குரூசர் எல்லாவற்றுக்கும் 3,500 கிலோதான். இத்தனை கம்பெனிகளின் இன்ஜினும் சேஸிஸும் ஒரே அளவு பலத்தோடு பிறந்திருக்க முடியாது இல்லையா? ஐரோப்பியச் சட்டத்தில் இந்த ரக டிரெய்லருக்கு 3,500 கிலோதான் மேல் வரம்பு, அதைத் தாண்டினால் லாரிக்கு இருப்பது போன்ற பிரேக் ஏற்பாடு வேண்டும். கம்பெனிகள் அந்தக் கோட்டைத் தொட்டதும் நிறுத்திக்கொள்கின்றன. அமெரிக்காவில் அந்தக் கோடு கிடையாது என்பதால் அதே டிஃபெண்டர் 110 அங்கே 8,201 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 3,720 கிலோ என்று விற்கிறது. லெக்சஸ் எல்எக்ஸ் 600க்கு 8,000 பவுண்டு, ஜீப் வேகனீருக்கு 10,000 பவுண்டு வரை.

அப்புறம், இந்தியாவில் விற்கும் பல வண்டிகளின் பிரவுச்சரில் இழுவைத் திறன் என்ற வரியே இருக்காது. வெளிநாட்டு எண்ணைப் பார்த்துவிட்டு இங்கே வாங்கும் வண்டியும் அப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கூலிங், டோ பார் (டிரெய்லரை மாட்டும் கொக்கிக் கம்பி), வயரிங் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதில் இழுக்காதே என்று இருந்தால் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த எண்ணை எப்படிச் சோதித்துக் கொடுக்கிறார்கள்?

ஐரோப்பாவில், முழு எடையோடு 12 சதவீதச் சாய்வுள்ள ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை வண்டியை நிறுத்தி நிறுத்திக் கிளப்பிக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் 18 கிலோமீட்டர் நீள ஏற்றம், வெளியே 38 டிகிரி வெயில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தச் சாலை அகலமானது, கொண்டை ஊசி வளைவு கிடையாது, ஏறும் உயரம் சுமார் 900 மீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் அளவில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டர். வித்தியாசம் 1,900 மீட்டர், அதாவது அரிசோனா ஏற்றத்தைப் போல இரண்டு மடங்கு. அதிலும் நீங்கள் ஒரே வேகத்தில் ஏறப் போவதில்லை. வளைவில் அரசு பஸ்ஸுக்கு நிற்பீர்கள், குரங்குக்கு நிற்பீர்கள், முன்னால் போகிற லாரி முக்கி முக்கி ஏறும்போது அதன் பின்னாலேயே முதல் கியரில் ஊர்வீர்கள். காற்று உள்ளே வராமல் ரேடியேட்டர் சூடாவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

உயரத்தில் இன்ஜின் சக்தி குறையுமா?

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் என்றால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் போகும், ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கை மறந்துவிடலாம். டர்போ இருந்தால் பெரிய அளவு ஈடுகட்டிவிடும். இன்று வரும் பெரிய எஸ்யூவிகள் பெரும்பாலும் டர்போதான், அதனால் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

இறங்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வண்டி 2,700 கிலோ, டிரெய்லர் 1,800 கிலோ, மொத்தம் 4,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1,900 மீட்டர் கீழே வரும்போது அந்த எடை விடுவிக்கும் ஆற்றல் சுமார் 84 மெகாஜூல். 250 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. அதில் ஒரு பகுதியை டயரும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதியை வாங்கிக்கொள்ள இரண்டே ஆட்கள்தான்: இன்ஜின், பிரேக். இன்ஜினுக்கு நீங்கள் கொடுக்காததெல்லாம் பிரேக் தட்டுக்குத்தான் போகும்.

இந்தப் பாதையின் சராசரிச் சாய்வு 4 சதவீதம் கூட வராது. அதனால்தான் ஏமாறுகிறார்கள். செங்குத்தாக இல்லையே என்று ஆட்டோமேட்டிக் கியரை வழக்கமான டி-யில் போட்டு, பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வருகிறார்கள். லேசாக மிதிப்பதுதான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக. குன்னூருக்குக் கீழே இருக்கும் பர்லியாறு வந்து சேரும்போது மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. சீசனில் அங்கே பழக்கடைப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும், முன் சக்கரத்திலிருந்து நீலமாகப் புகை, கருகின நாற்றம், கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே சுடுகிறது, ஓட்டி வந்தவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து ரிம்மில் ஊற்றுகிறார். தயவுசெய்து ஊற்றாதீர்கள். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் தட்டு கோணும், விரிசலும் விடலாம். ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அரை மணி நேரம் சும்மா இருங்கள். சூடான பிரேக்கின் மேல் ஹேண்ட் பிரேக்கையும் இறுக்கிவைக்க வேண்டாம், கியர் பார்க்கில் இருக்கட்டும்.

சரியான முறை: இறக்கம் தொடங்கும் முன்பே மேனுவல் மோடுக்கு மாற்றி, இரண்டாவது கியரைப் போட்டுவிடுங்கள், வேகம் எடுத்த பிறகு மாற்றுவது தாமதம். டிரெய்லர் இழுப்பதற்கென்றே உள்ள டோ மோடு இருந்தால் அதைப் போடுங்கள், அது தானாகக் கீழ் கியரைப் பிடித்து வைக்கும். இன்ஜின் 3,000, 3,500 சுற்றில் கத்தினால் பயப்படாதீர்கள், பெட்ரோல் டீசல் எதுவும் எரியாமல் சும்மா சுற்றுகிற சத்தம் அது. வேகம் கூடும்போது ஒரே முறை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். தட்டு ஆற நேரம் கிடைக்கும். டீசல் இன்ஜினுக்கு இயல்பாகவே பெட்ரோல் அளவு பிடிப்பு கிடையாது, அதனால் இன்னும் ஒரு கியர் கீழே வர வேண்டியிருக்கலாம். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால், டிரெய்லரோடு அதைச் செய்வது தற்கொலை.

பிரேக் ஆயிலையும் பாருங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் குடித்த பிறகு தர வரம்பே 155 டிகிரிதான். மழையும் பனியும் உள்ள ஊரில் இருந்துகொண்டு ஐந்து வருட ஆயிலை வைத்து ஓட்டாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது பெரிய செலவு இல்லை.

டிரெய்லருக்குத் தனி பிரேக் அவசியமா? சின்ன டிரெய்லர்தானே?

ரேஞ்ச் ரோவருக்கே பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோதான் வரம்பு. 3,500 என்ற எண் முழுக்க முழுக்கப் பிரேக் உள்ள டிரெய்லருக்கு. இதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உள்ளூர் லேத்தில் வெல்டிங் அடித்து வாங்கும் டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது, அதில் ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு குன்னூர் இறக்கத்தில் வருவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நம் மலை ரயிலையே பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிற பாதை, 1899ல் திறந்தது. பல் சக்கரம் இருந்தும், இன்ஜினில் பிரேக் இருந்தும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். பின்னால் வரும் எடை தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது நூற்றிருபது வருடத்துக்கு முன்பே இந்த மலையில் முடிவான விஷயம்.

எந்த வகை பிரேக் என்று கேட்டால், நான் எலக்ட்ரிக் பிரேக்குக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஓவர்ரன் பிரேக் என்பது டிரெய்லர் முன்வண்டியை முட்டித் தள்ளும் விசையில் வேலை செய்வது. சமவெளியில் பிரமாதம். நீண்ட இறக்கத்தில், நீங்கள் இன்ஜின் பிரேக்கில் வரும்போது டிரெய்லர் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் அதன் பிரேக்கும் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். எலக்ட்ரிக் பிரேக்கை ஓட்டுநர் சீட்டிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம், டிரெய்லர் ஆடினால் அதை மட்டும் தனியாகப் பிடித்து நேராக்கலாம்.

எடைக் கணக்கு குழப்பமாக இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

லேண்ட் குரூசர் 300, ஆஸ்திரேலியக் கணக்கு. வண்டியும் அதில் ஏறும் எல்லாமும் சேர்த்து 3,280 கிலோவைத் தாண்டக் கூடாது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 6,750 கிலோ. கொக்கியின் மேல் செங்குத்தாக அழுத்தும் எடை 350 கிலோ வரை. வெறும் வண்டி 2,600 கிலோ சொச்சம் என்றால் ஏற்ற மிச்சம் இருப்பது 670 கிலோ மாதிரி. முழு 3,500 கிலோ டிரெய்லரை மாட்டி அதில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார்ந்தால் 350 கிலோ அங்கேயே போய்விட்டது. மீதி 320. குடும்பத்தில் நான்கு பெரியவர்கள் ஏறினால் முடிந்தது கணக்கு, பெட்டி படுக்கைக்கு இடமில்லை. அதுவும் போக 3,280ஐயும் 3,500ஐயும் கூட்டிப் பாருங்கள், 6,780 வருகிறது, மொத்த வரம்பைவிட 30 கிலோ கூடுதல். பிரவுச்சரில் உள்ள எல்லா எண்ணும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

என் பேச்சைக் கேட்பதானால் இந்த மலைக்கு வரம்பில் பாதியோடு நில்லுங்கள். 3,500 என்று போட்டிருந்தால் 1,750. இது சட்டம் இல்லை, என் அபிப்பிராயம்.

டிரெய்லரில் லோடை எப்படி வைப்பது?

கனமானதை அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலும், தாழ்வாக. பின்னால் கனம் போனால் கொக்கி மேலே தூக்கும், டிரெய்லர் பாம்பாக நெளியும். அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்கட்டும் என்பார்கள், ஐரோப்பிய வண்டிகளில் அதைவிடக் குறைவு, கையேட்டைப் பாருங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் நல்லதுதானே?

நல்லது. பின்பக்கம் தொங்காமல் சமமாக வைக்கும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்காது. ஆனால் அதிக எடை ஏற்றியதை அது மறைத்துவிடும். ஸ்பிரிங் வண்டி உட்கார்ந்து காட்டிக்கொடுக்கும், இது காட்டாது. எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

லேடர் ஃபிரேம் (லாரிக்கு இருப்பது போல அடியில் தனிச் சட்டம்) இருந்தால்தான் இழுக்க முடியும் என்கிறார்களே?

பழைய பேச்சு. ரேஞ்ச் ரோவரும் ஜிஎல்எஸ்ஸும் மோனோகாக், அதாவது தனிச் சட்டம் இல்லாமல் உடலே தாங்கும் வண்டிகள், அவையும் 3,500 கிலோதான். வருடக்கணக்கில் தினமும் எஸ்டேட் மண்சாலையில் லோடு இழுப்பவர் என்றால் லேண்ட் குரூசரின் ஃபிரேமுக்கு மதிப்பு உண்டு, மாதம் ஒரு தடவை தார்ச்சாலையில் இழுப்பவருக்கு அது முக்கியமில்லை. நான் ஃபிரேமை விட்டுவிட்டு லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர் தொகுதி) இருக்கிறதா என்று பார்ப்பேன். லேண்ட் குரூசர், எல்எக்ஸ், டிஃபெண்டர், ரேஞ்ச் ரோவரில் இருக்கிறது. எக்ஸ்7, க்யூ7 வண்டிகளில் கிடையாது. ஈரமான தேயிலைத் தோட்டச் சரிவில், டிரெய்லரோடு, நடக்கிற வேகத்தில் இறங்க வேண்டி வரும்போது லோ ரேஞ்ச் முதல் கியருக்கு ஈடாக எதுவும் இல்லை.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் திரும்புமா?

டிரெய்லர் சக்கரம் எப்போதும் முன்வண்டியின் தடத்தைவிட உள்ளே வெட்டித்தான் வரும். உள்பக்க ஓரத்தில் நம் சாலைகளில் என்ன இருக்கும்? ஓடை. வண்டி அழகாகத் திரும்பிவிடும், டிரெய்லரின் உள்சக்கரம் ஓடையில் இறங்கிக் கல்லில் முட்டி நிற்கும், பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கும். அதனால் அகலமாக எடுங்கள், வெளி ஓரத்தைத் தொட்டுத் திரும்புங்கள், அதற்கு எதிர்ப்பாதை காலியாக இருக்க வேண்டும், காலியாக இல்லையென்றால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குபவர் காத்திருக்கட்டும். நீளமான ஜிஎல்எஸ்ஸின் அச்சு இடைவெளி 3,135 மில்லிமீட்டர், அதோடு டிரெய்லரும் சேர்ந்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று காலி மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள். பின் சக்கரமும் திரும்புகிற ரேஞ்ச் ரோவர் இந்த விஷயத்தில் நிஜமாகவே உதவும்.

எந்த வழியில் வருவது?

டிரெய்லர் என்றால் கோத்தகிரி வழி. குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஓயாத பஸ் போக்குவரத்தும் உண்டு. முடியாதது இல்லை, ஆனால் விடியற்காலையில் வாருங்கள். சீசனில் ஒருவழிப்பாதை போட்டால் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று மாற்றுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மசினகுடிப் பக்கமிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி பாதை வேண்டவே வேண்டாம். 36 வளைவு, செங்குத்து, வெளியூர் வண்டிகளை அங்கே இறங்க விடாததற்குக் காரணமே பிரேக் பிடிக்காமல் போன விபத்துகள்தான்.

எலக்ட்ரிக் எஸ்யூவி இழுக்குமா?

இழுக்கும். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் 2,500 கிலோ, டெஸ்லா மாடல் எக்ஸ் 5,000 பவுண்டு. ஏற்றத்தில் பேட்டரி சரசரவென்று இறங்கும், அதற்குத் தயாராக வாருங்கள். இறக்கத்தில் மோட்டாரே பிரேக் பிடித்துச் சார்ஜ் ஏற்றுவது டிரெய்லருக்கு அருமையான விஷயம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லையென்றால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும், எல்லா வேலையும் பிரேக் தட்டுக்கே வரும். எழுபது, எண்பதில் கிளம்புங்கள்.

விளம்பரத்தில் ரயிலையும் விமானத்தையும் இழுத்தார்களே, அதெல்லாம் பொய்யா?

பொய் இல்லை. 2006ல் ஃபோக்ஸ்வாகன் டுவாரெக் ஒரு போயிங் 747ஐ நகர்த்தியது, 2016ல் டிஸ்கவரி ஸ்போர்ட் சுவிட்சர்லாந்தில் நூறு டன்னுக்கு மேல் ரயில் பெட்டிகளை இழுத்தது. சமமான தரையிலும் தண்டவாளத்திலும் உருட்டுவதற்குத் தேவையான விசை மிகக் குறைவு. சாய்வு வந்துவிட்டால் கதையே வேறு: 12க்கு 1 சாய்வில் நான்கரை டன்னை வெறுமனே நழுவாமல் பிடித்து நிறுத்தவே கிட்டத்தட்ட 375 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அந்த விளம்பரங்களை வைத்து மலைக்கு முடிவெடுக்காதீர்கள்.

ஆர்.டி.ஓ., இ-பாஸ், இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும், நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் வேண்டும். டோ பாரைப் பம்பர் தகட்டில் போல்ட் போட்டு மாட்டும் கடைகள் உண்டு, அங்கே போகாதீர்கள், கம்பெனி குறித்திருக்கும் சேஸிஸ் இடத்தில்தான் மாட்ட வேண்டும். மாட்டியதை இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். வெளி மாவட்ட வண்டி என்றால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்குத் தேவையில்லை.

மழைக்காலத்தில் சேற்றில் சிக்கிய ஜீப்பை இழுத்துவிடலாமா?

இழுக்கலாம், ஆனால் டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிற்றைப் போட்டு வெட்டி இழுக்காதீர்கள். அது நிதானமான இழுப்புக்குச் செய்தது. சேற்றில் புதைந்த வண்டியை வேகம் கொடுத்து வெடுக்கென்று இழுக்கும்போது உருண்டை பிய்ந்தால், குண்டாகப் பறந்து வந்து கண்ணாடியைத் துளைக்கும். வெளிநாடுகளில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. சேஸிஸில் உள்ள ரெக்கவரி கொக்கியில், எடை குறிக்கப்பட்ட ஷாக்கிளும் (இரும்பு வளையம்) ஸ்ட்ராப்பும் (இழுவைப் பட்டை) போட்டு, கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போர்த்தி, ஆட்களைக் கயிற்று நீளத்தைவிடத் தள்ளி நிற்கவைத்து இழுங்கள். சாலையில் பழுதான வண்டியைக் கட்டி இழுத்துப் போவதென்றால் இரண்டுக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. குன்னூர் பாதையில் இறக்கத்தில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது, இன்ஜின் அணைந்த வண்டிக்குப் பிரேக்கில் பவர் இருக்காது, முன்னால் போகிறவர் மேல்தான் வந்து மோதும். ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.